அத்தியாயம் ஏழு: மானாவாரிச் சீமையில் நிதி ஆலோசனை நிலையம் நடத்தும் முறை

கோவில்பட்டியை நடுவில் வைத்து எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர், கயத்தாறு, கழுகுமலை என்று விரிந்து கிடக்கும் கரிசல் பூமியில் நிதி ஆலோசனையைத் தொழிலாகக் கொள்ள எண்ணும் ஒருவர், பெருநகரத்து மாதச் சம்பளக்காரர்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட முறைகளை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்குவாரானால், முதல் ஆடி மாதத்திலேயே அவை பயனற்றுப் போவதைக் கண்கூடாகக் காண்பார். இங்கே பணம் எல்லோருக்கும் முதல் தேதியில் வருவதில்லை. சம்சாரிக்குத் தையிலும் மாசியிலும், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர்களுக்கு வாரக் கூலியாகவும், மில் தொழிலாளிக்கு மாதச் சம்பளத்தோடு தீபாவளிக்கு முன் போனஸாகவும், கடலைமிட்டாய் வியாபாரிக்குப் பண்டிகைக் காலத்து விற்பனையாகவும், ஆசிரியருக்கு மட்டும் மாதக் கடைசியிலும் பணம் கைக்கு வருகிறது. வாடிக்கையாளரின் கைக்குப் பணம் வரும் காலத்தை முதலில் அறிந்து, அதற்கு இசைவாக உங்கள் ஆலோசனையையும் உங்கள் ஆண்டையும் அமைத்துக்கொள்வது எப்படி என்பதே இந்த அத்தியாயத்தின் பிரதான விஷயம்.

எந்த வாசல் வழியாக நுழைவது

சட்டம் இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரே ஆள் இரண்டிலும் கால் வைக்க முடியாது. செபியின் 2013-ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் விதிகளின்படி பதிவு பெற்று, வாடிக்கையாளரிடமே கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்வது ஒன்று. ஆம்ஃபியில் பதிவு பெற்று மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தராக இருந்து, ஃபண்ட் நிறுவனத்திடமிருந்து கமிஷன் பெறுவது மற்றொன்று. தனிநபராக ஆலோசகர் பதிவு பெற்றவர் விநியோகஸ்தர் வேலையைச் சேர்த்துச் செய்யக் கூடாது என்பது 2020 முதல் கண்டிப்பான விதி.

1. ஆலோசகர் வழி என்றால் என்.ஐ.எஸ்.எம். நடத்தும் 10-ஏ, 10-பி ஆகிய இரண்டு தேர்வுகளையும், விநியோகஸ்தர் வழி என்றால் 5-ஏ தேர்வையும் எழுதித் தேறுங்கள்.
2. பதிவு எண் கைக்கு வந்த பிறகே பலகை மாட்டுங்கள். விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஆலோசனைக்குக் காசு வாங்குவது குற்றம்.
3. ஒவ்வொரு வாடிக்கையாளரோடும் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். வாடிக்கையாளர் வாசிக்கத் தெரியாதவராக இருந்தால், அவர் நம்பும் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, தமிழில் வரிவரியாகப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள்.
4. கட்டணத்தைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ மட்டும் பெறுங்கள். ஆலோசகர் ரொக்கமாகக் கட்டணம் வாங்க விதி இடங்கொடுப்பதில்லை.
5. கொடுத்த ஆலோசனை, அதற்கான காரணம், வாங்கிய கட்டணம் ஆகியவற்றின் பதிவுகளை ஐந்து ஆண்டுகள் பாதுகாத்து வையுங்கள்.

ஒரு குடும்பத்திடம் நிர்ணயக் கட்டணமாக ஆண்டுக்கு 1,51,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று செபி உச்சவரம்பு வைத்திருக்கிறது. இங்குள்ள சம்சாரிக் குடும்பங்களுக்கு அந்த எண்ணோடு சம்பந்தமே இல்லை. உங்கள் கட்டணம், அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் முதல் ஆண்டில் மிச்சப்படுத்திக் கொடுக்கும் வட்டியைக் காட்டிலும் குறைவாக இருக்கவேண்டும் என்பதே என் அபிப்பிராயம். விதிகள் அடிக்கடி திருத்தப்படுவதால், ஆண்டுக்கு ஒரு முறையேனும் செபியின் சுற்றறிக்கைகளைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

முதல் சந்திப்பு: தகரப்பெட்டியைத் திறத்தல்

முதல் சந்திப்பை அவர்கள் வீட்டில் வைத்துக்கொள்வதே உத்தமம். அலுவலகத்துக்கு வருகிறவர் நினைவில் உள்ளதை மட்டும் சொல்வார். வீட்டிலோ, பீரோவுக்கு மேலிருந்து இறங்கும் தகரப்பெட்டியும் அதற்குள்ளே மடித்து வைத்த மஞ்சப்பையும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும். பாயில் உட்கார்ந்து, அதை அவர்கள் கையாலேயே பிரிக்கச் சொல்லுங்கள். நீங்களாகக் கையை விடாதீர்கள். பட்டாவும் பத்திரமும், கூட்டுறவுச் சங்கத்து நகைக்கடன் ரசீதும், தனியார் அடகுக்கடைச் சீட்டும், இரண்டு தவணை கட்டி நின்றுபோன இன்சூரன்ஸ் பாலிசியும், மகளுக்கென்று அஞ்சலகத்தில் தொடங்கிய செல்வமகள் புத்தகமும், சீட்டுக் கம்பெனி அட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். இவற்றுக்கு அடியில் பெரும்பாலும் ஒரு நீளமான நோட்டு இருக்கும். அதுதான் மொய் நோட்டு.

அந்த நோட்டைப் புரட்டாமல் எந்தக் குடும்பத்துக்கும் திட்டம் எழுதாதீர்கள். தம் வீட்டு விசேஷத்துக்கு யார் யார் எவ்வளவு செய்தார்கள் என்பது அதில் கிரமமாக எழுதப்பட்டிருக்கும். அவற்றுள் இன்னும் திருப்பிச் செய்யாதவை எல்லாம், சட்டப்படி இல்லாவிடினும் மானத்தின்படி, அந்தக் குடும்பத்தின் கடன்களே. அடுத்த வைகாசியில் எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் காதுகுத்து என்று கேட்டு, அந்தப் பெயர்களுக்கு எதிரே உள்ள தொகைகளைக் கூட்டினால், வரப்போகும் ஆண்டின் செய்முறைச் செலவு கையில் கிடைத்துவிடும். செய்முறையை வீண்செலவு என்று கண்டிக்கும் ஆலோசகருக்கு இந்தச் சீமையில் இரண்டாவது சந்திப்பு வாய்ப்பதில்லை. வாய்க்காமல் இருப்பதும் நியாயமே, ஏனெனில் வேறு உதவி இல்லாத காலத்தில் அந்த வீட்டைத் தாங்கியது அந்த நோட்டுதான்.

கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள்:

1. வீட்டில் யார் யார், யாருக்கு என்ன வயது, யார் யாரை நம்பி இருக்கிறார்கள்.
2. எந்தெந்த மாதத்தில் எங்கிருந்து பணம் வருகிறது. ஆடு, மாடு, தீப்பெட்டி ஆபீஸ் கூலி, நூறு நாள் வேலை, திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் அனுப்புவது ஆகிய அனைத்தையும் சேர்த்து.
3. என்ன கடன், யாரிடம், என்ன வட்டிக்கு.
4. என்ன காப்பீடு, யார் நாமினி.
5. என்ன சேமிப்பு, எங்கே, யார் பெயரில்.
6. கடைசியாக மட்டும்: என்ன ஆசை.

மூன்றாவது கேள்வியில்தான் பேச்சு தடைப்படும். வீட்டுக்காரரிடம் "எவ்வளவு கடன் இருக்கு?" என்று நேராகக் கேட்டால் "பெருசா ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்ற பதிலே வரும். அந்தக் கேள்வியை வீட்டு அம்மாளின் பக்கம் திருப்பி, "அக்கா, நகை எத்தனை உருப்படி வெளியில இருக்கு, எதெது எந்த மாசம் திருப்பணும்?" என்று கேளுங்கள், கம்மலும் கொடியும் எங்கே இருக்கின்றன என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்த வீட்டில் இல்லை. கணவனும் மனைவியும் ஒருசேர உட்காராத சந்திப்பைச் சந்திப்பாகவே கணக்கில் கொள்ளாதீர்கள்.

வரும் பணத்தை மாதமாக்கும் கணக்கு

ஒரு சம்சாரிக் குடும்பத்துக்கு நல்ல ஆண்டில் உளுந்து, மக்காச்சோளம், மிளகாய் எல்லாம் சேர்ந்து 3,00,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 25,000 என்று எழுதிவிடுவதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் பிழை. கமிஷன் கடையில் வாங்கிய முன்பணம் 50,000 களத்திலிருந்தே கழிந்துவிடும். அடுத்த புரட்டாசி விதைப்புக்கு உழவு, விதை, உரம், களையெடுப்பு என்று 70,000 வேண்டும். மீதி 1,80,000, அதாவது மாதத்துக்கு 15,000. இதோடு அம்மாளின் தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் மாதம் 4,000 சேர்ந்து, வீட்டுச் செலவு 14,000 போனால், மாதம் 5,000, ஆண்டுக்கு 60,000 மிஞ்சும். அதுவும் மழை பெய்த ஆண்டில்.

இந்தக் கணக்கிலிருந்து மூன்று காரியங்கள் பிறக்கின்றன.

1. விதைப்புப் பணமாகிய 70,000 ரூபாயை மாசியிலேயே, ஆவணியில் முதிரும் வங்கி வைப்புத்தொகையாகப் போட்டுவிடச் சொல்லுங்கள். கையில் இருந்தால் வைகாசிக் கல்யாணத்திலும் ஆடிக் கொடையிலும் அது கரைந்து, புரட்டாசியில் நகை மறுபடியும் அடகுக்குப் போகும்.
2. வீட்டுச் செலவுப் பணத்தை இரண்டாவது கணக்கில் வைத்து, மாதந்தோறும் முதல் தேதியன்று புழங்கும் கணக்குக்கு ஒரே தொகை மாறும்படி வங்கியில் நிலையான உத்தரவு எழுதிக் கொடுக்கச் செய்யுங்கள். சம்சாரிக்கும் இதனால் ஒரு மாதச் சம்பளம் உண்டாகிவிடுகிறது; சொல்வதற்குச் சிறிய காரியம், நடைமுறையில் மிகப் பெரிய உபகாரம்.
3. மிஞ்சும் 60,000 ரூபாயில் 35,000 ரூபாயை மழை பொய்க்கும் ஆண்டுக்கான இன்னொரு விதைப்புப் பணமாகச் சேர்க்க வையுங்கள். இரண்டு நல்ல அறுவடையில் 70,000 சேர்ந்துவிடும். அது சேர்ந்து முடியும்வரை நீண்டகால முதலீட்டுக்கு மீதி 25,000 ரூபாய்க்குமேல் தொடவேண்டாம்.

குறிப்பு: மானாவாரிக் குடும்பத்துக்கு மாதாந்திர எஸ்.ஐ.பி. போட்டுக் கொடுக்காதீர்கள். ஆடியில் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பும். திரும்பும் ஒவ்வொரு முறையும் வங்கி அபராதம் பிடிக்கும். அடுத்தடுத்து மூன்று தவணை தவறினால் எஸ்.ஐ.பி. ரத்தாகும், அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் உங்கள் பேச்சைக் கேட்காது. அறுவடைக்குப் பின் ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாகப் போடச் செய்வதே பொருத்தம். சம்பளம் வாங்கும் ஆசிரியருக்கும் மில் ஊழியருக்கும் எஸ்.ஐ.பி. தாராளமாகச் சொல்லலாம்.

முதலீட்டுக்கு முன் கடன்

ஊரில் வட்டியை நூற்றுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்றே சொல்வார்கள். "மூணு ரூபா வட்டி" என்பது காதுக்குச் சிறியதாகவே ஒலிக்கும். ஆண்டுக்கு அது 36 சதவீதம். எனவே ஒவ்வொரு கடனையும் ஒரு தாளில் எழுதி, எதிரே ஆண்டு வட்டியை ரூபாயாகவே எழுதிக் காட்டுங்கள்: 50,000 ரூபாய்க்கு மாதம் 1,500, ஆண்டுக்கு 18,000. சதவீதத்தைக் கேட்டு அசையாத மனிதர், பதினெட்டாயிரம் என்றால் எத்தனை மூட்டை உளுந்து என்பதை அந்தக் கணமே கணக்கிட்டுவிடுவார்.

எந்த நியாயமான முதலீடும் 36 சதவீதம் நிச்சயமாகத் தராது. ஆகையால் அந்தக் கடனை அடைப்பதே அந்தக் குடும்பத்தின் முதல் முதலீடு. தனியாரிடம் உள்ள அடகை வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ மாற்றுவது அடுத்த படி. வட்டியை மட்டும் கட்டி மறுஅடகு வைத்துக்கொண்டே போகும் வழக்கம் இங்கே பரவலாக உள்ளது. அசலில் ஒரு பகுதியையாவது ஒவ்வொரு மாசியிலும் குறைக்கும்படி தேதி குறித்துக் கொடுங்கள். கந்துவட்டிக்காரர் மிரட்டுகிறார் என்று தெரிந்தால், 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருப்பதைச் சொல்லி, வழக்கறிஞரிடமோ காவல் நிலையத்துக்கோ வழிகாட்டுங்கள். நீங்களே நடுவில் நின்று பேரம் பேசப் போகாதீர்கள்.

காப்பு

உயிர், விபத்து, உடல்நலம், பயிர் என்று நான்கு. வங்கிக் கணக்கு உள்ள எவருக்கும் ஆண்டுக்கு 436 ரூபாயில் இரண்டு லட்சத்துக்கு ஆயுள் காப்பும், 20 ரூபாயில் இரண்டு லட்சத்துக்கு விபத்துக் காப்பும் தரும் பிரதம மந்திரி திட்டங்கள் 2015 முதல் நடப்பில் இருக்கின்றன. முன்னது 18 முதல் 50 வயதுவரை, பின்னது 70 வயதுவரை சேரலாம். மே மாதக் கடைசியில் பிரீமியம் பிடிக்கும்போது கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலைகளுள் ஒன்று.

பயிர்க் காப்பீட்டில் ஜாக்கிரதை அதிகம் தேவை. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ராபி உணவுப் பயிருக்குக் காப்புத் தொகையில் 1.5 சதவீதமும், ஆண்டு வணிகப் பயிருக்கு 5 சதவீதமும் விவசாயி கட்டவேண்டியது. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் உள்ள பயிரும், நிலத்தில் விதைத்த பயிரும், விண்ணப்பத்தில் எழுதிய பயிரும் ஒன்றாக இருக்கவேண்டும். ஊடுபயிர் போடுகிற கரிசலில் இங்கேதான் தவறு நேர்கிறது. இழப்பீடு பெரும்பாலும் தனி ஒருவருடைய நிலத்தைப் பார்த்து அல்ல, அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி விளைச்சலைப் பார்த்தே கணக்கிடப்படுகிறது என்பதை விதைப்புக்கு முன்பே விளக்கிவிடுங்கள். அறுவடைக்குப் பிறகு விளக்கினால் அது சமாதானம் சொல்வதாகவே தோன்றும்.

சேமிப்பையும் காப்பையும் ஒன்றாகக் கலந்த பாலிசியை, கமிஷன் பெரிது என்பதற்காக விற்கும் வழக்கம் இந்தப் பகுதியில் அநேகக் குடும்பங்களைக் காயப்படுத்தியிருக்கிறது. மழை பொய்த்த ஆண்டில் பிரீமியம் நிற்கும், கட்டியதில் பெரும்பகுதி போகும். புதிதாக அப்படி ஒன்றை யாராவது விற்றுவிட்டுப் போயிருந்தால், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு, தேதியைப் பாருங்கள்.

ஆலோசகரின் ஆண்டு

தை முதல் பங்குனிவரை உங்களுக்கு அறுவடைக் காலம். உளுந்தும் பாசிப்பயறும் மார்கழிக் கடைசியிலிருந்து களத்துக்கு வரும், மக்காச்சோளம் தையில், பருத்தியும் மிளகாயும் அதற்குப் பின்னும். சம்சாரி வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் இந்தக் காலத்தில் ஒரு முறை நேரில் கண்டு முடித்துவிடவேண்டும். சித்திரை, வைகாசி, ஆனியில் பள்ளி, கல்லூரிக் கட்டணப் பேச்சும், சம்பளக்காரர்களின் பரிசீலனையும். ஆடி, ஆவணியில் விதைப்புக்கான கடன் ஏற்பாடு. புரட்டாசி, ஐப்பசியில் பயிர்க் காப்பீடு. கூடவே மில்லிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் போனஸ் வருமுன்பே அது எங்கே போகவேண்டும் என்று எழுதி முடித்தல். கார்த்திகையில் சம்சாரியைத் தேடிப் போகாதீர்கள். அவர் காட்டில் இருப்பார். அப்பொழுது கணக்குகளைச் சரிபார்த்து அறிக்கைகளை எழுதுங்கள்.

பயணத்தையும் ஒழுங்குபடுத்துங்கள். ஒரு நாளில் ஒரே திசை: எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் ஒரு நாள், நாகலாபுரம், புதூர் ஒரு நாள், கழுகுமலை ஒரு நாள், கயத்தாறு ஒரு நாள். எட்டயபுரத்தில் ஆட்டுச் சந்தை கூடும் சனிக்கிழமையன்று அந்தப் பக்கத்து வீடுகளில் ஆள் இருக்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் நகைக்கடன், பணம் கொடுக்கல் வாங்கல் பேச்சைப் பலர் விரும்பமாட்டார்கள். அவர்கள் விருப்பத்தை மதியுங்கள்.

ஒவ்வொரு சந்திப்புக்கும் பிறகு ஒரே பக்கத்தில் தமிழில் ஆலோசனையை எழுதி ஒரு பிரதியை அவர்களிடம் கொடுங்கள். என்ன செய்யவேண்டும், யார் செய்யவேண்டும், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். தகரப்பெட்டியில் மேலாக அந்தத் தாள் இருக்கவேண்டும். இவ்வளவும் செய்ய ஒரு வீட்டுக்கு ஆண்டில் எவ்வளவு நேரம் ஆகிறதோ அதைக் கணக்கிட்டு, அதற்குமேல் வாடிக்கையாளரைச் சேர்க்காதீர்கள்.

பாதுகாப்பு: ஒருபோதும் செய்யக் கூடாதவை

1. முதலீட்டுப் பணத்தை உங்கள் கையிலோ உங்கள் கணக்கிலோ, ஒரே இரவுக்குக்கூட, வாங்கி வைக்காதீர்கள். வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிலிருந்தே அது நேராகப் போகவேண்டும்.
2. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்காதீர்கள். "நீங்களே நிரப்பிக்கோங்க அண்ணாச்சி" என்று அவர்களே நீட்டினாலும் வாங்காதீர்கள்.
3. ஓ.டி.பி.யையும் ரகசிய எண்ணையும் கேட்காதீர்கள், சொன்னாலும் எழுதி வைக்காதீர்கள். செல்பேசியில் எண் அழுத்தத் தெரியாத முதியவருக்கு, அவர் மகனையோ பேத்தியையோ பழக்கிவிடுங்கள்.
4. இத்தனை சதவீதம் நிச்சயம் என்று பங்குச் சந்தை சம்பந்தப்பட்ட எதைப் பற்றியும் வாக்குக் கொடுக்காதீர்கள்.
5. பதிவில்லாத திட்டம் எதையும், எவ்வளவு நெருங்கிய உறவினர் கொண்டுவந்தாலும், பரிந்துரைக்காதீர்கள்.

கடைசி விதியைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். 1906-இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது வைப்பாளர்கள் பட்ட துன்பத்தின் விளைவாகவே அடுத்த ஆண்டு இந்தியன் வங்கி பிறந்தது. நூறாண்டு கழித்தும் பாடம் தீரவில்லை: விவசாய நிலம் தருவதாகச் சொல்லித் தேசமெங்கும் பணம் திரட்டிய பி.ஏ.சி.எல். நிறுவனம் 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தரவேண்டுமென்று 2014 ஆகஸ்டில் செபி உத்தரவிட்டது. இப்படிப்பட்ட திட்டங்கள் கிராமத்துக்குள் நுழையும்போது அந்நியர் முகத்தோடு வருவதில்லை; மைத்துனரோ, பள்ளிக்கூடத்து வாத்தியாரோ, வீட்டுக்கு அடிக்கடி வந்துபோகும் ஒருவரோ ஏஜெண்டாக வருவார். ஆகவே ஆளைப் பார்க்காமல் பதிவைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். ஏலச்சீட்டு என்றால் 1982-ஆம் ஆண்டு சீட்டுச் சட்டப்படி பதிவு இருக்கிறதா. வைப்புத்தொகை என்றால் ரிசர்வ் வங்கியின் அனுமதி உண்டா. முதலீடு என்றால் செபியின் எண் என்ன. பணம் போனபின் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வைப்பாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம் என்பது உண்மையே. ஆனால் அந்தப் பணம் திரும்பக் காத்திருக்கும் ஆண்டுகள் நீண்டவை.

குறிப்பு: வங்கி வைப்புத்தொகைக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம்வரை காப்பீடு உண்டு, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்து வைப்புக்கு அந்தக் காப்பீடு இல்லை. சங்கத்தைப் பழிக்கவேண்டாம், எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் வைக்கவேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதனால் வைப்புத்தொகை வட்டிக்கும் வரி இல்லையென்று பலர் கருதுகிறார்கள். அந்த வட்டி விவசாய வருமானம் ஆகாது.

துக்க வீட்டில் உங்கள் கடமை

குடும்பத் தலைவர் காலமான வீட்டுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு போய், உங்களிடம் உள்ள பதிவை எடுத்துவைத்து இந்தக் கிரமத்தில் உதவுங்கள்.

1. இறப்புச் சான்றிதழில் பெயரும் தந்தை பெயரும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். "கருப்பசாமி", "கருப்பச்சாமி" என்ற வேறுபாடு ஒன்றே பல மாதம் அலைய வைக்கும்.
2. வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பிக்கச் செய்யுங்கள்.
3. பாஸ்புத்தகத்தில் 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடித்த வரிகளைத் தேடுங்கள். அந்தக் காப்பு இருப்பதையே அறியாமல் விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு.
4. மரணம் விபத்தினால் என்றால் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வேண்டும். காட்டில் பாம்பு கடித்து இறந்தவருக்கும் விபத்துக் காப்பு உண்டு. உடனே கொண்டுபோன ஆஸ்பத்திரியின் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.
5. நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்புடையவரே, பல வகைச் சொத்துகளில் அவரே முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்பதைச் சகோதரர்கள் எல்லோரும் கூடியிருக்கும்போது, ஒருவருக்கு மட்டும் தனியாக அல்லாமல், பொதுவில் எடுத்துச் சொல்லுங்கள்.
6. அடகில் உள்ள நகைகளின் தவணைத் தேதிகளைப் பார்த்து, ஏலத்துக்குப் போகுமுன் அந்த வங்கிக்கோ சங்கத்துக்கோ இறப்பை எழுத்து மூலம் தெரிவித்து அவகாசம் கேட்கச் செய்யுங்கள். இந்த ஒன்றை மட்டும் பதினாறாம் நாள்வரை நிறுத்தி வைக்காமல், தேதி நெருங்கியிருந்தால் மறுநாளே செய்துவிடவேண்டும்.